விளக்கை நூர்ப்பது யார்?

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறு பிள்ளைகளின் இராப்பயம். இது தாய்மாருக்கும் வைத்தியர்களுக்கும் உரிய விடயமாயிற்றே, இலக்கியத் தொடரில் இதற்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பிள்ளை தன் வாழ்நாளில் முதன்முதல் கேட்கும் கதை எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பொழுதுபட்ட பின், பாயில் படுக்கவைத்து, விளக்கைத் தணித்துவிட்டுச் சொல்லப்படுகிறது. நாம் எல்லோரும் நமது முதல் இலக்கியத்தை இருட்டில்தான் கேட்டோம். அந்தக் கதை இருட்டைப் பிள்ளைக்கு எப்படி அறிமுகஞ் செய்துவைக்கிறது என்பது சின்ன விடயமல்ல.

எங்கள் ஊர்களில் இரண்டு விதமான அறிமுகம் உண்டு. ஒன்று வெருட்டுவது. சோறு தின்னாத பிள்ளைக்கு உம்மாண்டி வரும். நித்திரை கொள்ளாத பிள்ளையைப் பிள்ளைபிடிகாரன் சாக்கிலே போட்டுக்கொண்டு போவான். புளியமரத்தில் முனி இருக்கும். பனங்காணிக்குள் கொள்ளிவாய்ப் பேய் திரியும். காற்றுக்குக் காவோலை சரசரத்தால் அதற்கும் ஒரு கதை இருக்கும். பிள்ளையை ஐந்து நிமிடத்தில் அடக்க இதைவிடச் சுலபமான வழியில்லை. ஆனால் பிள்ளை அடங்கிய பின்னும் உம்மாண்டி போவதில்லை. விளக்கு நூர்ந்த பிறகு அது பிள்ளையின் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறது.

மற்றது காப்பது. பழந்தமிழர் பிள்ளைகளுக்கு ஐம்படைத்தாலி கட்டினர். திருமாலின் ஐந்து ஆயுதங்களையும் சிறு வடிவிற் செய்து கோத்த அணி அது. போர்க்களத்துக்கு வந்த இளம் பாண்டியன் நெடுஞ்செழியன் அந்தத் தாலியை இன்னும் களையாத சிறுவன் என்று புறநானூற்றின் 77ஆம் பாட்டு வியக்கிறது. பெரியாழ்வார் அந்தி வேளையில் கண்ணனைக் காப்பிட அழைக்கும் தாயாகத் தம்மைப் பாவித்து ஒரு பதிகமே பாடினார். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. முதலாவது காப்பு, மூன்றாவது தால், ஏழாவது அம்புலி. ஒன்று தெய்வங்களைக் காவலுக்கு அழைக்கிறது, ஒன்று தாலாட்டுகிறது, மற்றது வானத்து நிலவைப் பிள்ளையோடு விளையாட வரச்சொல்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இரவைப் பிள்ளைக்கு உறவாக்கும் முயற்சி தமிழில் எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

இந்தப் பயம் ஒரு நோயா? அனேகமாக இல்லை. இரண்டு மூன்று வயதிலே தொடங்கி, பாடசாலைக்குப் போகும் பருவத்தையொட்டி மிகுந்து, பின்னர் மெல்ல மெல்லக் குறைவது இதன் இயல்பு. கண்முன் இல்லாத ஒன்றை மனத்திலே உருவாக்கும் ஆற்றல் அந்த வயதில்தான் பிள்ளைக்கு வருகிறது. தடியைக் குதிரையாக்கும் அதே கற்பனைதான் கொடியிலே தொங்கும் சாரத்தை ஒரு மனிதனாக்குகிறது. குதிரையை இரசித்துவிட்டு மனிதனுக்காகப் பிள்ளையை ஏசுவது நியாயமல்ல.

இங்கே இரண்டு நிலைகளைத் தாய்மார் வேறுபடுத்தி அறிந்துகொள்வது நல்லது. பயங்கரக் கனவு பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில் வரும். பிள்ளை விழித்துக்கொள்ளும், என்ன கண்டதென்று சொல்லும், அணைத்தால் ஆறும். மற்றது இராத்திடுக்கம். நித்திரை கொண்ட ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள், ஆழ்ந்த உறக்கத்தில், பிள்ளை எழுந்திருந்து வீரிடும். கண் திறந்திருக்கும், ஆனால் தாயை அடையாளங் காணாது. காலையில் ஒன்றும் ஞாபகமிராது. அந்த வேளையில் பிள்ளையை உலுக்கி எழுப்பத் தேவையில்லை. விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாற் போதும். பேய் பிடித்துவிட்டதென்று வீட்டார் பதறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலையைக் கண்டுதான்.

இனி, பயத்தைப் போக்குவது எப்படி? பாரதியார் தமது புதிய ஆத்திசூடியைத் தொடங்கியதே அச்சத்தை விடச் சொல்லித்தான். 'பாரத ஜனங்களின் தற்கால நிலைமை' என்ற பாட்டில், மரத்திலும் குளத்திலும் பேய் இருப்பதாக நடுங்கும் வளர்ந்தவர்களை நினைத்து நொந்துகொண்டார். 1961 இல் வந்த 'அரசிளங்குமரி' படத்திலே பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு ஒன்று, பேய்க்கதை சொல்லி வெருட்டுவோரை நம்பவேண்டாமென்று ஒரு சின்னப் பையனுக்குப் புத்தி சொல்கிறது. பகலிலே இவை நல்ல மருந்து. இரவு பத்து மணிக்குப் பாயில் எழுந்திருக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு நியாயம் எடுபடாது. பேய் இல்லையென்று சொன்னால், "இல்லையெண்டால் ஏன் கதவைப் பூட்டுறியள்?" என்று அது கேட்கும். அதன் கேள்வியிலும் நியாயம் உண்டு.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய நியாயம் ஒன்று இருந்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. மண்ணெண்ணெய்க்குத் தடை, கிடைத்தாலும் யானைவிலை. ஜாம் போத்தலின் அடியிலே கொஞ்சம் எண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டு எரித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் உதவியால் வானொலி கேட்டோம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் அப்படி வானொலி கேட்டவர்கள் பலர் இருப்பீர்கள்.

வானிலே இரைச்சல் கேட்டால் அந்தத் துளி வெளிச்சத்தையும் நூர்க்கவேண்டும். சில இரவுகளில் வானத்திலே பரா வெளிச்சம் ஏற்றப்படும். முற்றம் பகல்போலாகும். அதற்குப் பின்னால் என்ன வரக்கூடுமென்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் இருட்டுக்குப் பயந்து வெளிச்சத்திடம் ஓடினார்கள். எங்கள் பிள்ளைகள் வெளிச்சத்துக்குப் பயந்து பங்கரின் இருட்டுக்குள் ஓடினார்கள். 1995 யூலை 9ஆந் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் "பயப்பிட ஒண்டுமில்லை" என்று ஒரு தாய் எந்த வாயால் பிள்ளைக்குச் சொல்வாள்?

யாழ்ப்பாணத்தில் உளவைத்தியராகவும் பேராசிரியராகவும் பணிபுரிந்த தயா சோமசுந்தரம் 1993 இல் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதினார். 1998 இல் 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' என்ற அவரது ஆங்கில நூல் வந்தது. வடு என்ற சொல் ஆழமானது. புண் வேறு, வடு வேறு என்று வள்ளுவரே பிரித்துக் காட்டியிருக்கிறார். நித்திரை குழம்புதல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், தாயின் சேலையை விடாமல் பிடித்திருத்தல், படுக்கையிற் சலம் போதல் ஆகியவை அந்நாளில் எங்கள் வீடுகளில் சர்வசாதாரணமாக இருந்தன. இவற்றுக்கு ஒரு பெயர் உண்டு, இவை பிள்ளையின் குறும்பல்ல என்று அறிந்ததே பல தாய்மாருக்கு ஆறுதலாயிற்று.

இவ்விடத்தில் இன்னொரு போர்க்காலத்தை நினைத்துப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது குண்டுகள் பொழிந்தபோது, அன்னா பிராய்டும் டொறதி பேர்லிங்கமும் அங்கே பிள்ளைகளுக்கான பராமரிப்பு இல்லங்களை நடத்தினார்கள். தாம் கண்டதை 1943 இல் நூலாக எழுதினார்கள். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிவதே பிள்ளைகளை அதிகம் தாக்கியது என்பது அவர்கள் கண்ட உண்மைகளில் முக்கியமானது. அமைதியான தாயின் மடியிலிருந்த பிள்ளை தாக்குதலுக்குள்ளும் உறங்கியது. தாய் நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது.

அது எவ்வளவு உண்மை என்பதை 1995 அக்டோபர் 30ஆந் திகதி இரவு நான் கண்டேன். அன்று வலிகாமத்துச் சனம் முழுவதும் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம் நோக்கி நடந்தது. மழை, இருட்டு, சனநெரிசல். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. என் சேலைத் தலைப்பை அவளது மணிக்கட்டில் முடிந்துவிட்டேன். அந்த இரவு முழுவதும் அவள் இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முடிச்சு இருக்கிறதா என்று மட்டும் இடைக்கிடை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்த மகள் இன்று ஒரு தாய். 2022 மார்ச் இறுதியில், நாட்டின் பொருளாதார நெருக்கடியின்போது, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பிறந்தது முதல் மின்குமிழின் கீழே வளர்ந்த பிள்ளைகள் அப்போதுதான் முதன்முதல் முழு இருட்டைக் கண்டார்கள். என் பேத்திக்கு நாலு வயது. மெழுகுதிரி வெளிச்சத்தில் சுவரிலே ஆடும் நிழல்களைக் கண்டு படுக்க மறுத்தாள். கட்டிலுக்குக் கீழே பார்த்தோம், ஒருவரும் இல்லையென்றோம். அவள் என்னைத் தனியே கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னாள்: "அம்மம்மா, இருட்டுக்குள்ளை ஆர் நிக்கினம் எண்டு அம்மாவுக்குத் தெரியும். சொல்லுறாவில்லை."

அதற்குப் பிறகு நான் பேத்தியை விட்டு மகளைக் கவனித்தேன். மின்சாரம் நின்ற கணத்தில் அவளது கை தானாக நீண்டு பிள்ளையைப் பற்றியது. இரவில் ஹெலிகொப்டர் ஒன்று தூரத்தே போனால், பேச்சை நிறுத்தி, மூச்சையடக்கி, சத்தம் எந்தப் பக்கம் போகிறதென்று காது கொடுத்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாததைத்தான் பிள்ளை அந்தப் பிடியிலிருந்து வாசித்துக்கொண்டது. எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலும் தாயின் உடம்பைப் பிள்ளைகள் பிழையின்றி வாசிக்கும்.

பயத்துக்குக் காரணம் தெரியாத பிள்ளை அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். உண்மையிலும் பெரிய உருவமொன்றைக் கொண்டுதான் நிரப்பும். ஆகவே அந்தக் கதையைச் சொல்லிவிடும்படி நான் மகளைக் கேட்டேன். அவளுக்கு அது இலகுவாக இருக்கவில்லை. இரண்டு மூன்று நாள் மறுத்தாள். பிறகு ஒரு காலை வேளையில், முற்றத்து வெயிலில் பேத்திக்குத் தலை இழுத்துக்கொண்டு, தன் கதையைச் சொன்னாள். அவள் எதைச் சொல்லுவாளோ என்று நான் குசினி வாசலில் நின்று கேட்டேன். இரத்தத்தையும் சாவையும் அவள் எடுக்கவில்லை.

"நான் உங்களைப்போலை சின்னப்பிள்ளையா இருக்கேக்கை எங்கடை வீட்டிலை கரண்ட் இல்லை. ஒரு போத்தல் விளக்குத்தான். பிளேன் சத்தம் கேட்டால் அதை நூர்க்கவேணும். அது என்ரை வேலை. அம்மம்மா சொல்ல, நான்தான் ஊதுவன். பிறகு எல்லாரும் பங்கருக்குள்ளை இருந்து கதை கேப்பம். இப்பவும் சத்தம் கேட்டால் எனக்கு அந்த நினைவு வரும். அதாலைதான் உங்கடை கையைப் பிடிக்கிறனான். இருட்டுக்குள்ளை ஒருத்தரும் இல்லை."

பேத்தி கேட்ட முதற் கேள்வி, "நீங்களே ஊதி நூர்த்தனீங்கள்?" என்பதுதான். அவளுக்குப் போரும் விமானமும் பெரிதாகப் படவில்லை. ஒரு பிள்ளை தன் கையாலே இருட்டை உண்டாக்கியது என்பதே அதிசயமாயிருந்தது.

பங்கர்க் காலத்தில் அந்த வேலையை நான் மகளிடம் கொடுத்தது உளவியல் படித்தல்ல. எனக்கு இரண்டு கையும் போதாதிருந்தது. ஆனாலும் அதற்குள் ஒரு தத்துவம் இருந்திருக்கிறது. இருட்டு மேலே வந்து விழுந்தால் பிள்ளை நடுங்கும். தானே கொண்டுவந்த இருட்டுக்கு அவ்வளவாக நடுங்காது.

பேத்திக்கு ஒரு சின்ன டோர்ச் வாங்கிக் கொடுத்தோம். இரவு விளக்கை நூர்க்கும் பொறுப்பை அவளிடம் விட்டோம். முதல் நாள் நூர்த்து, பத்துவரை எண்ணி, திரும்பக் கொளுத்தினாள். மறுநாள் இருபது. பிறகு டோர்ச்சைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, தாயின் கையைப் பிடித்தபடி ஒரு கதை முடியும்வரை. சுவரில் விழும் நிழலுக்குத் தன் விரல்களாலேயே மான் செய்தாள், நாய் செய்தாள். இரண்டு மூன்று கிழமையில் டோர்ச் மறந்துபோய்ச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நடுவிலே சில இரவுகள் பழையபடி அழுததும் உண்டு. அப்படிப் பின்வாங்குவது இயல்பு, அதற்காக ஏசவேண்டியதில்லை. மகள் இன்றும் ஹெலிகொப்டர்ச் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்க்கிறாள். ஆனால் இப்போது வாய்விட்டுச் சொல்கிறாள்: "ஹெலி. கடலுக்குப் போகுது." அந்த மூன்று சொல்லால் அறையிலுள்ள இருவருக்கும் மூச்சு வருகிறது.

பொறுப்பைக் கொடுத்துப் பயத்தைக் குறைக்கும் இந்த வழியை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. 2006 ஆம் ஆண்டு லெபனான் போரின்போது ரொக்கற் தாக்குதலுக்கு அஞ்சி இடம்பெயர்ந்திருந்த இஸ்ரேலியச் சிறு பிள்ளைகளிடம், டெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவி சாதேயும் அவருடைய குழுவினரும் ஒரு பஞ்சு நாய்க்குட்டியைக் கொடுத்தார்கள். "இது கவலையாக இருக்கிறது, இதைக் கவனித்து அணைத்துக்கொள்" என்பதுதான் பிள்ளைக்கு இடப்பட்ட வேலை. அதை ஏற்றுக்கொண்ட பிள்ளைகளின் பதற்றம் குறைந்ததாக 2008 இல் எழுதினார்கள். பின்னர் சாதாரண இராப்பயமுள்ள பிள்ளைகளிடமும் இதைச் செய்து பயன் கண்டார்கள். தன்னைவிடச் சிறியதொன்று தன்னை நம்பியிருக்கிறது என்று உணர்ந்ததும் பிள்ளை காவற்காரனாகிவிடுகிறது. எங்கள் வீடுகளில் தம்பியையோ தங்கச்சியையோ பக்கத்திற் படுக்கவைத்து, "நீதான் பார்த்துக்கொள்ளவேணும்" என்று சொன்ன ஆச்சிமாருக்கு இது தெரிந்திருந்தது.

தாய்மாருக்குச் சில வார்த்தை. பொழுதுபட்ட பின் வளர்ந்தவர்கள் தாழ்ந்த குரலிற் பேசும் பேச்சில் கவனமாயிருங்கள். 2011 ஆகஸ்டில் 'கிறீஸ் மனிதன்' என்ற பீதி நாட்டின் பல பாகங்களிலும் பரவி, யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. அந்நாளில் ஒழுங்கைகளில் காவலிருந்த பெரியவர்களின் குசுகுசுப்பே பிள்ளைகளின் நித்திரையைப் பறித்தது. இன்று அந்த வேலையைக் கைத்தொலைபேசியின் திரை செய்கிறது. படுக்கும் நேரத்தை ஒழுங்காக வைத்திருங்கள். கால் முகங் கழுவி, திருநீறு பூசியோ செபஞ் சொல்லியோ, ஒரு கதை கேட்டு, ஒரே வரிசையில் நடந்தால் பிள்ளைக்கு அடுத்தது என்ன என்று தெரியும். பயத்தைக் கேலி செய்யாதீர்கள். பெரிய சடங்காக்கவும் வேண்டாம். நாட்கணக்கில் நித்திரையின்றி, பகலிலும் பயந்து, விளையாட்டைவிட்டு ஒதுங்கும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

இனி இலக்கியத்துக்கே திரும்புகிறேன். பெரியாழ்வார் பாடலில் 'அப்பூச்சி காட்டுதல்' என்றொரு விளையாட்டு வருகிறது. கண்ணன் முகத்தைக் கோரமாக்கி மற்றவர்களைப் பயங்காட்டுகிறான். பயப்படவேண்டிய வயதுப் பிள்ளை பயமுறுத்துகிறவனாக வேடம் போடுகிறது. பெரியவர்கள் நடுங்குவதுபோல நடிக்கிறார்கள். பயத்தைக் கையில் எடுத்து விளையாடிப் பார்க்கும் இந்த உபாயத்தைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளை போர்வையைத் தலையிற் போட்டுக்கொண்டு "ஊ" என்று வந்தால், ஒருதரம் நன்றாகப் பயந்து காட்டுங்கள்.

குண்டு விழுந்த அதே நவாலியிலே பிறந்தவர்தான் எங்கள் சோமசுந்தரப் புலவர். தங்கத்தாத்தா என்று பிள்ளைகள் அழைத்த அவர் 1953 இல் மறைந்தார். கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றி அவர் பாடிய பாட்டைப் படிக்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளை அருமை. வெருளி என்ற பெயரே வெருட்டுவது என்று பொருள்படும். பானைத் தலையும் பழஞ்சட்டையுமாக மங்கிய வெளிச்சத்தில் நிற்கும் அதைக் கண்டு பயப்படாத பிள்ளை இல்லை. புலவர் அதைக் கூப்பிட்டுக் கதைக்கிறார். கூலி வாங்காமல், கண்ணிமைக்காமல், நித்திரை கொள்ளாமல் காவல் செய்கிறாயே என்று மெச்சுகிறார். அதன் தலைப்பாகையின் அழகை வியக்கிறார். பாட்டு முடியும்போது, பிள்ளை பயந்த உருவம் பிள்ளைக்காக இரவிலே விழித்திருக்கும் ஒரு காவலாளியாகிவிடுகிறது. வெருளி அதே இடத்தில்தான் நிற்கிறது. இருட்டும் இருக்கிறது.

இன்றிரவு பிள்ளையைப் படுக்கவைக்கும்போது அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுங்கள். பாட்டு முடிந்ததும், விளக்கைப் பிள்ளையே நூர்க்கட்டும்.